பூஜாடி விளம்பரத்துக்கு வைத்த ஒப்பாரி

கோபம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். வந்த சிரிப்பை அடக்கத் தெரியாது. இந்தக் கோளாறோடு எத்தனையோ சாவு வீட்டில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் விருத்தாசலத்தில், பஸ் போகிற ரோட்டில், பட்டப்பகலில், யாருமே சாகாத ஒரு சாவுக்கு மாரடித்து அழுதோமே, அன்றைக்குப் பட்ட பாடு வேறு எங்கேயும் படவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துகொண்டிருந்தது. நான் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தேன். ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, பூஜாடி எல்லாம் செய்வோம். மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவது, இறுகியதும் அச்சைப் பிரித்து எடுப்பது, பிசிறு சீவுவது, சூளைக்கு அனுப்புவது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். புடவைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றால் யார் எவள் என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருத்தியை மட்டும் ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அச்சுத் தூக்குகிற அக்கா. நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. பெரிய ஜாடி அச்சை மற்ற யூனிட்டுகளில் இரண்டு ஆம்பளைகள் முக்கி முனகித் தூக்குவார்கள். இவள் இடுப்பில் குழந்தையை எடுக்கிற மாதிரி எடுத்து வைப்பாள். வைத்துவிட்டு, "அடியே, நோஞ்சானுங்களா, தள்ளுங்கடி" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பக்கத்து யூனிட்டுக்குக் கேட்கும். அவர்களும் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள்.

இப்படி இருந்த ஊரில், பஸ் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு வரும் வழியில், ஒருவர் உடற்பயிற்சி நிலையம் திறந்தார். ஜிம் என்றார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, தரையெல்லாம் இரும்பு. சாயங்காலத்தில் பெண்களுக்குத் தனி நேரமாம். திறந்தால் திறந்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன வந்தது? ஆனால் மனுஷன் ரோட்டைப் பார்த்த பக்கத்துச் சுவர் முழுக்க ஒரு விளம்பரம் எழுத வைத்தார்.

இடது பக்கம் ஒரு குண்டுப் பெண். அவளுக்குக் கீழே 'பானை' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் பேன்ட் போட்ட ஒரு ஒல்லிப் பெண். கீழே 'பூஜாடி'. இரண்டுக்கும் நடுவில் கொட்டை எழுத்தில்: 'கணவன்மார்களே! உங்கள் வீட்டுப் பானையை மூன்றே மாதத்தில் பூஜாடியாக்கித் தருகிறோம்!'

கணவன்மார்களாம்! என்னமோ உடம்பு அவர்களுடையது மாதிரியும், நாங்கள் பழுது பார்க்கக் கொண்டுவந்து விடுகிற சைக்கிள் மாதிரியும். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு பூஜாடியைப் பற்றி எங்களிடமா சொல்வது? நாங்கள் பூஜாடி ஊற்றுகிறவர்கள். கழுத்துச் சிறுத்த பூஜாடி சூளைக்குள் போனால் பாதி கோணிக்கொண்டு வரும், மீதி விரிசல் விட்டு வரும். முழுசாக வந்ததைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து, பூனை தட்டாமல் காவல் காக்க வேண்டும்.

அதையெல்லாம்கூடப் பேசிச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அந்தப் பானைப் பெண் புடவைக்கு மேலே சட்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு. கன்னத்தில் மச்சம். முன்பல்லில் சந்து. படம் வரைந்தவர் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, தினமும் அந்த வழியாகப் போகிறவளைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டிருந்தார். எங்கள் அச்சுக்கார அக்காதான். உரித்து வைத்த மாதிரி. பாவி மனுஷனுக்கு அப்படி ஒரு கைத்திறமை.

முதல் நாள் பார்த்துவிட்டு அக்காவே சிரித்தாள். "போடி, நம்மளயும் ஒருத்தன் படம் வரஞ்சிட்டான்" என்றாள். இரண்டாம் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து "பானை, பானை" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அதையும் தாங்கிக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது, "என்னாப்பா, உன் வூட்டுப் பானைய எப்ப கொண்டாந்து வுடப் போற?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "எதுக்கும் நீ போய்ச் சேந்துதான் பாரேன்" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் அவளுக்கு அது உள்ளே போய்க் குத்திவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்த ரோட்டில் வரவில்லை. ரயில் பாதை ஓரமாக, கருவேல முள்ளுக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். சிரிப்பு நின்றது. மத்தியானச் சோறு நின்றது. கேட்டால், "பசிக்கல, வுடுங்கடி" என்பாள். உலையில் அரிசி போடும்போதே பாட்டுப் பாடுகிற பொம்பளை! ஒரு நாள் அச்சோடு அப்படியே சரிந்தாள். அச்சு உடைந்தது பெரிதில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால், எங்கள் முகத்தைப் பார்க்காமல், "நான் வூட்டுக்குப் போறன்" என்று எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போய்ப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு, "இனிமே வேலைக்கி வரலடி, ரோட்டுல தல காட்ட முடியல" என்று உள்ளே இருந்தே சொன்னாள்.

கூட்டமாகப் போய், சுவரை அழிக்கச் சொல்லி ஜிம்காரரிடம் கேட்டோம். நாங்கள் மட்டுமில்லை, ஊரிலும் பேச்சுக் கிளம்பியிருந்தது. காலேஜ் பெண்கள் அந்தச் சுவரில் சாணி அடித்திருந்தார்கள். மாதர் சங்கத்து அம்மா ஒருவர் நோட்டீஸ் போட்டார். ஜிம்காரர் சாணியைக் கழுவிவிட்டு, நோட்டீஸை மடித்து வியர்வைக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"வெளம்பரம்னா அப்படித்தாம்மா இருக்கும். பாத்துச் சிரிச்சிட்டுப் போங்க. இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார்.

எல்லோரும் திரும்பி நடந்தோம். எங்கள் யூனிட்டில் சூளை அடுக்குகிற அம்மா ஒருத்தி உண்டு. சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் குரலுக்குக் கல்லும் கரையும். அவள் திடீரென்று நடு ரோட்டில் நின்றாள்.

"அழுவாங்களான்னா கேட்டான்? அழுதா என்னா?"

அவ்வளவுதான். எனக்கு உடனே சிரிப்புப் பீறிட்டது. "இப்பவே இளிக்காதடி, காரியத்தக் கெடுத்துடுவ" என்று என் தலையில் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். சட்டையும் தலைத்துண்டுமாக, யூனிட்டில் இருந்த அத்தனை பெண்களும். சுவருக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி ஆரம்பித்தோம். சூளைக்கார அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டாளு தூக்கும் அச்ச ஒத்தாளாத் தூக்குவியே
ஒருவாயிச் சோறுந் திங்காம ஒதுங்கி நீ போனியே!
ஏந் தாயே, ஒதுங்கி நீ போனியே!"

நாங்கள் மாரில் அடித்துக்கொண்டு "ஏந் தாயே" என்று வாங்கிப் பாடினோம்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் நின்று விசாரிக்க மாட்டார்கள். முதலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் செத்தது யார் என்று கேட்பது. விசாரித்துவிட்டு அழுதால் அது என்ன அழுகை? அளந்து பார்த்து அழுத மாதிரி ஆகிவிடாதா?

மங்கலம்பேட்டை பஸ் வந்து நின்றது. கூடையோடு இறங்கிய பொம்பளைகள் சத்தத்தைக் கேட்டார்கள். கூடையைக் கீழே வைத்தார்கள். உட்கார்ந்துவிட்டார்கள்! அடுத்த பஸ் வந்தது, அதிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன தன் தங்கச்சியை நினைத்து அழுதாள் பாருங்கள், என் தோள் நனைந்துவிட்டது. டிரைவர் பாட்டு டேப்பை நிறுத்தினார். டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மாலை வாங்கிவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

மங்களூர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "யாரும்மா போனது?" என்றாள்.

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது சிரிப்பு. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். என் அழுகை அதிகமாகிவிட்டது என்று அந்த அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அழாத கண்ணு, அழாத" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் என்ன செய்வேன்? என்னைப் பார்த்து எதிரே இருந்தவளுக்குப் பீறிட்டது, அவளைப் பார்த்து இன்னொருத்திக்கு. பாதி வட்டம் சிரிப்பில் குலுங்கியது, பாதி வட்டம் நிஜமாகவே அழுதது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

ஜிம்காரர் வெளியே வந்தார். முகம் வெளுத்துவிட்டது. உள்ளே இரும்பு தூக்கிக்கொண்டிருந்த பையன்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இழவைத் தாண்டிப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்களே என்று தவித்தார்கள். ஒருத்தன் அன்றைக்கு மாமனார் வீட்டு விருந்துக்குப் போக வேண்டியவனாம்.

"யம்மா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, தொழில் நடக்குற எடத்துல... எந்திரிங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

சூளைக்கார அம்மா அழுகையை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. பாட்டிலேயே பதில் சொன்னாள்.

"செவுத்துல எழுதிவச்சுச் சிரிக்கச் சொன்ன மவராசா
செவுத்த அழிக்கும்மட்டும் சிந்துங்கண்ணீர் நிக்காது!
ஏந் தாயே, சிந்துங்கண்ணீர் நிக்காது!"

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. சாவு இல்லை, இந்தச் சுவர்தான் என்று தெரிந்தும் வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் எழவில்லை. மாறாக, அவரவர் வீட்டில் பானை என்றும் உரல் என்றும் அம்மி என்றும் வாங்கிய பேச்சையெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தார்கள். ஆம்பளைகள் மெல்லத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார்கள். ஜிம்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். டீக்கடையில் பதுங்கியிருந்த ஓவியரைப் பிடித்து, சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்து ஏணியில் ஏற்றினார். நடுவில் இருந்த கொட்டை எழுத்து முதலில் போயிற்று. பிறகு பூஜாடி போயிற்று. நாங்கள் ஜெயித்துவிட்டோம்! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஒப்பாரியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் குதிப்பது?

அப்போதுதான் ரோட்டில் யாரோ கதறிக்கொண்டு ஓடிவருவது கேட்டது.

அச்சுக்கார அக்கா! 'பேட்டைப் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க' என்று யாரோ சைக்கிளில் போகிறவர் சொல்லியிருக்கிறார். சூளையில் எங்களில் யாரோ வெந்துவிட்டோம் என்று நினைத்து, சாத்திய கதவைத் திறந்துகொண்டு, அவிழ்ந்த தலையோடு, செருப்பில்லாமல், பஸ் போகிற அந்த ரோட்டிலேயே அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஓடிவந்திருக்கிறாள். வந்தவள் எதையும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வட்டத்துக்குள் விழுந்து, என்னைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த ராசாத்தி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பயந்துபோன அழுகை அது. என் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

அழுது முடித்துத்தான் தலையைத் தூக்கினாள். "யாருடி? யாருடி போனது?"

சூளைக்கார அம்மாதான் சொன்னாள்.

"நீதாண்டி."

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் இருந்தோம், உயிரோடு. பிறகு சுவரைப் பார்த்தாள். பாதி வெள்ளையாகியிருந்தது. பானைப் பெண்ணின் மேல் சுண்ணாம்பு மட்டையை வைக்கப்போன ஓவியர், உயிருள்ள முகத்தைக் கீழே பார்த்துவிட்டு மட்டையை வாளியில் போட்டார். அறைதான் விழப்போகிறது என்று நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

"என்னிய வச்சா பாடுனீங்க?"

"ஆமாங்க்கா" என்றேன்.

"என்னான்னு?"

எல்லோருக்கும் அழுகை முட்டிக்கொண்டு நின்றது, இந்த முறை நிஜமாகவே. அக்கா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். ரோட்டுக்கு முதுகைக் காட்டாமல், எல்லோரும் பார்க்கும்படி, சம்மணம் போட்டு வட்டத்தின் நடுவில் நன்றாக உட்கார்ந்தாள்.

"நிறுத்திட்டீங்களே, மொதல்லேருந்து பாடுங்கடி" என்றாள். "நெசமா செத்தன்னா, எனக்குக் கேக்காது."