அவரவருக்கு முன்னால்

சமாதான காலம். போரில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பமொன்று வவுனியாவுக்குக் கிட்ட கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி வாங்கிப் போட்டிருந்தது. பெட்டிக்குச் சூடு எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று கொம்பியூட்டரிலிருந்து சொல்லும் புரோகிராம் என்னுடையது. "இந்த முட்டை பொரிச்சா இஞ்ச இருப்பம். இல்லாட்டித் திரும்பப் புத்தளம்தான்" என்று வீட்டுக்கார அக்கா சொல்லியிருந்தா.

பழைய கொம்பியூட்டர், தள்ளினால்தான் நடக்கும். நான் எழுதிய மொழி நினைவகத்துக் குப்பையைத் தானே கூட்டி அள்ளும். நல்ல விசயம்தான். ஆனால் நானோ ஒவ்வொரு எண்ணுக்கும் புதிதாக ஒரு பைட் வரிசை உண்டாக்கி, அனுப்பி, எறிந்துகொண்டிருந்தேன். குப்பை சேர்ந்து அது கூட்டத் தொடங்கினால் எல்லாம் நிற்கும், எண் வராமல் பெட்டி கத்தும். விசர்தான் வந்தது.

ஆகவே நாலு பைட்டில் ஒரே வரிசையை வைத்து, திரும்பத் திரும்ப அதிலேயே எழுதினேன். முப்பத்தேழரைப் பாகைச் சூடு பெட்டிக்கு 375. ஒரு பைட் 255க்கு மேல் கொள்ளாது. எண்ணைப் பிரித்து மேற்பகுதியை ஒரு பைட்டில், கீழ்ப்பகுதியை அடுத்ததில் வைத்தேன். ஈரப்பதம் ஐம்பத்தைந்து வீதம், பெட்டிக்கு 550, அதுவும் அப்படித்தான். நிற்காமல் ஓடியது. 'சோக்கு!' என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அன்று சஹன் வைத்திருந்தார்கள்: ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றிவர ஆட்கள். இறைச்சி அங்கால் பக்கம் கிடந்தது. கையை நீட்டினேன். அக்காவின் புருசன் சிரித்தார்.

"தம்பி, அவரவருக்கு முன்னால இருக்கிறதைத்தான் சாப்பிடவேணும். அது என்ர பக்கம்."

ஐயோ! வரிசையில் முதல் இரண்டு இடமும் சூட்டுக்கு, ஈரப்பதத்தை மூன்றாம் இடத்திலிருந்து எழுதவேணும். நான் அதையும் முதலாம் இடத்திலேயே எழுதிவிட்டேன். சூட்டை அழித்து அதன் இடத்தில் 550 ஏறியிருக்கும். ஐம்பத்தைந்து பாகை, முட்டை அவிந்துவிடும்.

எச்சில் கையோடு ஓடினேன். பெட்டி முப்பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. இடத்தைத் திருத்திவிட்டுத் திரும்பினால், அக்கா ஒரு முட்டையை எடுத்துக் கண்மடலில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு நின்றா.

"சூடுதான், ஆனா அவியேல்ல. அல்லாஹ் காப்பாத்தினான்" என்றா. "போய்ச் சாப்பிடுங்கோ. இறைச்சியை உங்கட பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுறன்."

குஞ்சு வரும்வரை எனக்குச் சரியான நித்திரையில்லை. முதல் ஓடு வெடித்த காலையில் அக்கா புத்தளத்துக்குப் போன் எடுத்தா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உம்மா, அந்த அலுமாரியையும் லொறியில ஏத்தி அனுப்புங்கோ" என்றா.