பேட்மிண்டன் கோர்ட்டுல கேட்ட நியாயம்

…அட நீ வேற தங்கச்சி, கோர்ட்டுன்னா நான் எந்தக் கோர்ட்டுன்னு நெனைப்பேன்? நீதான் மக வீட்டுக்கு உலு திராம் போயிட்டியே, நடந்தது ஒனக்கெங்க தெரியும்? சங்கிலி பறிகொடுத்தவ நானு. "கோர்ட்டுல விசாரிக்கிறாங்க"ன்னதும் பட்டுச்சேலையக் கட்டி, ஐசி கார்ட ரவிக்கைக்குள்ள சொருகி, காரு கூப்பிடுன்னு மருமககிட்ட நிக்கிறேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அத்த, நம்ம பிளாட்டு பேட்மிண்டன் கோர்ட்டு! கீழ எறங்குங்க போதும்."

எறங்குனேன். தின்னக் கறிபாப்பெல்லாம் வச்சிருந்தாங்க, உருளைக்கெழங்கு நல்லா வெந்திருந்துச்சு. அது கெடக்கட்டும். நம்ம பிளாட்டுத் தலைவரு மைக்கப் புடிச்சாரு. "பாட்டி, இந்த வயசுல ஒங்களுக்கு சங்கிலி எதுக்கு? கழட்டி வச்சிட்டு நடக்கலாம்ல?"

எல்லாரும் சிரிச்சாங்க. அலமாக்! சாஆ எஸ்டேட்டுல குனிஞ்சு குனிஞ்சு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி வாங்குன சங்கிலி. கோயிலுக்குப் போயிட்டுப் பொழுது சாஞ்சு பின்பக்கச் சந்து, அந்த லோரோங்ல வந்தேன், மோட்டார் சைக்கிள்ல வந்தவன் அத்துக்கிட்டுப் போனான். திருடுனவன விட்டுட்டு என் கழுத்துக்கு விசாரணையா?

எழுந்துட்டேன். "அந்த லோரோங்ல வெளக்கு எரியல. லாலாங் புல்லு இடுப்பு ஒசரம். அதுவும் என் கழுத்துலதான் தொங்குதா?"

"முனிசிபல்ல சொல்லியாச்சு லா பாட்டி, செய்வாங்க."

"ஒங்க காரு நிக்கிற எடத்துல மட்டும் ரெண்டு வெளக்கு எரியுதே, அத யாருகிட்ட சொன்னீங்க?"

இப்ப அவரு தவிர எல்லாரும் சிரிச்சாங்க! பீசாங் கோரெங், அதான் வாழைப்பழ பஜ்ஜி விக்கிற மலாய்க்காரம்மா இருக்காங்கல்ல, நான் பேசுன தமிழு என்ன புரிஞ்சுச்சோ, "பெத்துல், பெத்துல்!"ன்னு, அதான் சரி சரின்னு, கை தட்டுனாங்க. மறுநாளே கடைய அந்த லோரோங் மொனைக்கு மாத்திட்டாங்க. ஆம்பளைங்க வெக்கப்பட்டுப் புல்ல வெட்டுனாங்க. முனிசிபல்காரனும் வந்து வெளக்கு மாட்டுனான். பொழுது சாஞ்சா நாங்க பொம்பளைங்க மொற வச்சு ரெண்டு ரெண்டு பேரா அங்க நாற்காலி போட்டு ஒக்காந்துக்குறோம்.

எவனும் அந்தப் பக்கம் இப்ப வாலாட்டுறதில்ல. பேக்டரி விட்டு வர்ற நம்ம புள்ளைங்க கைய வீசிக்கிட்டு நடக்குதுங்க, பாக்கவே குளுகுளுன்னு இருக்கு. என் சங்கிலிதான் கெடைக்கல. ஆனா அந்தத் தலைவரு இன்னும் என்னப் பாத்தா மொத வார்த்தையா, "பாட்டி, கழுத்துல ஒண்ணும் போடலையே?"ன்னுதான் கேக்குறாரு. வாய்க்கொழுப்பப் பாரு! இன்னிக்கு வரட்டும், நானும் நீயும்தானே ஒக்காரணும்…

ஐயய்யோ, பருப்பு பொங்கி வழியுது! நான் அடுப்ப அணைச்சிட்டு வரேன், நீ நாற்காலிய எறக்கு.