பெரிய மனுசருக்கு ஒரு எஸ்

கண்டிக்குப் பக்கத்துல குண்டசாலையில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ஆறு வருசமா துணி துவைச்சவ கஜலட்சுமி. அவ துவைச்ச பெட்ஷீட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டா நாவலப்பிட்டி வரைக்கும் போய்ட்டு திரும்பி வரும். சோப்புத் தண்ணியில ஊறி விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கும். நான் அங்க கெஸ்ட்டுகள ஏத்தி இறக்குற த்ரீவீல்காரன்.

போன மாசம் ரிசெப்ஷன்ல இருந்த புள்ள கல்யாணம் கட்டிப் போயிருச்சு. மொதலாளியம்மா துஷ்யந்தி கஜாவைக் கூப்பிட்டு, "அந்தக் கதிரையில ஒரு மாசம் உக்காந்து பாரு. சரிவந்தா கதிரை உனக்கு. இல்லாட்டி திரும்ப வாளிதான்"ன்னாங்க.

கஜாவுக்கு சிரிச்ச முகம். மூணு பாஷையும் பேசுவா. சறுக்கினது ஒரே எடத்துல. அங்க வேலை செய்றவங்கள்ல பாதிப் பேருக்கு தமிழ் வாசிக்க வராது, மிச்சப் பேருக்கு சிங்களம் வராது. அதனால சமையலறை போர்டுல எல்லாமே இங்கிலீசு. அதுல எஸ்ங்கிற எழுத்தை எங்க போடணும்னு கஜா தனியா ஒரு சட்டம் வச்சிருந்தா.

"டூ எக்"னு எழுதுவா. சமைக்கிற கோக்கி ஃபாஸில் நாநா, "ஒண்ணுக்கு மேல போனா எக்ஸ்னு வரணும் தங்கச்சி"ம்பாரு.

"ரெண்டுன்னு சொல்லியாச்சே நாநா, பொறகு எதுக்கு எஸ்ஸ வீணாக்குறீங்க?"

அப்படி மிச்சம் புடிச்ச எஸ்ஸையெல்லாம் பெரிய மனுசருக்குப் போட்டுருவா. அது எங்களுக்கு போன செவ்வாக்கிழமைதான் தெரிஞ்சுச்சு.

அன்னைக்குக் காலையில போர்டுல "புரொபெசர்ஸ் கமிங், லஞ்ச்"னு இருந்துச்சு. எத்தனை பேருன்னு நாநா கேட்டிருக்கலாம். கேக்கல. ஊரே வருதுன்னு நெனச்சு அண்டாவை ஏத்திட்டாரு. ஆறு கோழி உசுரை விட்டுச்சு. நான் கட்டுகஸ்தோட்டையில இருந்து இன்னும் ரெண்டு த்ரீவீலைக் கூட்டிக்கிட்டு கண்டி ஸ்டேசனுக்குப் பறந்தேன்.

ரயில்ல இருந்து எறங்கினது ஒத்த அம்மா. கையில சின்னதா ஒரு பேக்.

"மூணு வண்டியும் எனக்கா?"ன்னாங்க.

"ஆமாங்கம்மா. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு பேக்குக்கு, ஒண்ணு சும்மா அழகுக்கு"ன்னேன். வேறென்ன சொல்ல?

மொதலாளியம்மா அண்டாவைப் பாத்தாங்க, கஜாவைப் பாத்தாங்க. "ஒத்த ஆளுக்கு எதுக்கு எஸ்?"

கஜாவுக்குக் கண்ணு நெறைஞ்சிருச்சு. "அவ்வளவு படிச்சவங்கள எப்படி மேடம் ஒத்தையா எழுதுறது? வந்தாங்கன்னுதானே சொல்லுவோம், வந்தான்னு சொல்லுவமா? எஸ் இல்லாம எழுதினா வாடி போடின்னு கூப்பிட்ட மாதிரி இருக்கு."

மேடம் சிரிக்கல. "நான் நாளைக்கு கொழும்பு போறேன். அதை இப்பவே என் முன்னுக்கு போர்டுல எழுது. தப்புன்னா வாளி."

எல்லாரும் கூடிட்டோம். கஜா மார்க்கரை எடுத்து 'மேடம்'னு எழுதினா. அதோட கை நின்னுருச்சு. எஸ் போடணும்னு விரல் துடிக்குது. அவ இடது கையால வலது கையை அமுக்கிப் புடிச்சா. போர்டைப் பாத்து, "மன்னிச்சுக்கங்க மேடம்"னு முணுமுணுத்துட்டு, எஸ் இல்லாமலே 'கோயிங் கொழும்பு'ன்னு முடிச்சா. மொதலாளியம்மாவையே கன்னத்துல அறைஞ்சுட்டவ மாதிரி ரெண்டு அடி பின்னால போய் நின்னா.

"இப்ப, ரூமுக்கு நாலு தலகாணி."

'ஃபோர் பில்லோ'ன்னு எழுதினா. நாநா இருமினாரு, கண்டிக் கொளத்துக்கே கேட்டிருக்கும். கஜா பெருமூச்சு விட்டுட்டு, சொந்தக் காசைக் கொடுக்கிற மாதிரி ஒரு எஸ்ஸை ஒட்ட வச்சா.

மேடம் கஜாவோட வெடிச்ச விரலைப் பாத்தாங்க. "சரி, போய் கதிரையில உக்காரு. அந்தக் கைக்கு ஏதாச்சும் மருந்து போடு"ன்னாங்க.

பொறகு நான் கஜாகிட்ட கேட்டேன்: "நான் வர்றேன்னு இத்தனை நாளா போர்டுல எழுதினியே, எனக்கு ஒரு எஸ்ஸாவது போட்டியா?"

"உங்களுக்கு மட்டும் அப்பவே இங்கிலீசு சரியா எழுதிட்டேண்ணே"ன்னா.