புதுசு கலையாத கூலர்

கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாததால், பழையதையே ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டினேன். வேகம் கூடினால் உள்ளே பிராசசர் கொதிக்கும்; அந்தச் சூட்டைத் தணிக்க, அதன்மேல் மாட்டும் நல்ல கூலர் தேவை. செம்புக்குழாய் வைத்த சாதாரணக் கூலர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன்.

என் மனைவியின் தம்பி, யூடியூப் பார்த்தே இன்ஜினியர் ஆனவன், குறுக்கே வந்தான்.

"அதெல்லாம் கிழவங்க வாங்குறது அத்தான். இந்தக் கூலர்ல லைட்டு கலர் கலரா எரியும்."

அதே விலையில் அந்தக் கலர் லைட் கூலரை வாங்கி, அவனே மாட்டியும் விட்டான்.

மறுநாள் பெண் வீட்டார் வீடியோ வாங்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்ற ரெண்டர் போட்டால், தாலி கட்டும் இடம் வருவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. கூலரைக் கழற்றினேன். பிராசசர்மேல் உட்காரும் அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் உறை அப்படியே ஒட்டியிருந்தது; சூடு கூலருக்கு ஏற வழியே இல்லை. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏலே, இதப் பிரிக்கலையா?"

"பிரிச்சா புதுசு போயிரும்லா அத்தான். நம்ம ஊரு புழுதி வேற."

பைக் சீட்டில் கம்பெனி உறையை இன்னும் கிழிக்காத மகான் அவன்.

உறையை உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டினேன். நல்லவேளை, பிராசசர் கருகவில்லை.

இப்போது கூலரை நானே தேர்ந்தெடுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்டுகிறேன். மச்சினன் வந்தால் காபி கொடுத்து வெளியிலேயே உட்கார வைக்கிறேன். அவன் மூளையின் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் புதுசு போய்விடுமாம்.