நேராக நின்ற சுவர்

என் படத்தில் ஒரே ஒரு சுவர்தான் நேராக நின்றது. மற்றதெல்லாம், தெரு, விளக்குக் கம்பம், கூரைகளுக்குப் பின்னால் தெரிகிற பள்ளிவாசல் மினாரா, எல்லாமே மெல்ல மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. ஏழு மாதத்து ஜார்ஜ் டவுன் பத்து நிமிடத்தில் ஓடி முடிந்தபோது, ஊரே ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்பது போல இருந்தது. ஏன் அப்படி என்று அப்போது தெரியவில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் கடை. கீழே கடை, மேலே வீடு. பழைய வண்ணப் படங்களை மறு அச்சு போட்டு, சட்டம் கட்டி விற்கிறேன். சுற்றுலாக்காரர்கள் வாங்குவார்கள், காப்பிக் கடைக்காரர்கள் சுவரில் மாட்டுவார்கள். படத் தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பாதி, கெடுத்துக் கெடுத்துப் பாதி.

அந்தக் காலத்துப் பயணப் படங்களை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டு போய், சீமையில் எங்கோ ஓர் அச்சுக்கூடத்தில் நிறம் ஏற்றுவார்கள். ஏற்றியவர் இந்த ஊரைப் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் நம் செம்மண் தெரு ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும். கூடை சுமந்து போகிற நம் ஆளுக்குக்கூட வெளுத்த தோல்தான். 'நிறம் பொய் சொல்லும், கோடு பொய் சொல்லாது' என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் பெருமையாகச் சொல்வேன். எங்கேயோ கேட்டதா, நானே சொன்னதா, நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் அப்படி ஒரு படம் கிடைத்தது. எங்கள் சந்து. எதிர் வரிசை வீடுகள், கடைசி வீட்டுக்கு அப்பால் ஒரு தோட்டம், இரண்டு தென்னை, பின்னால் மினாரா. வீட்டுக்குக் கொண்டு வந்து மாடிச் சன்னலில் பிடித்துப் பார்த்தால், எடுத்தவன் நின்ற இடமே என் சன்னல்தான். அன்று முதல் எனக்கு ஒரே பைத்தியம். அந்தப் படத்தில் தொடங்கி, அது அப்படியே கரைந்து, இன்றைய தெருவாகி, மாதங்கள் நிமிடங்களாக ஓடுகிற ஒரு படம் செய்ய வேண்டும். சன்னல் கட்டையில் கேமராவைப் பிடிப்பான் போட்டு இறுக்கினேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம், தானாகவே எடுக்கும்.

பழைய படமும் புதிய படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும் அல்லவா? அதற்கு இரண்டிலும் மாறாத ஒன்று வேண்டும். நான் பிடித்துக்கொண்டது எதிர் வரிசையின் கடைசி வீட்டுச் சுவரின் ஓரத்தை. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. ஒவ்வொரு படத்திலும் அந்த இரண்டு புள்ளிகளும் பழைய படத்தின் புள்ளிகள்மேல் உட்காரும்படி கணினி படத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த வீட்டில்தான் அக்கா இருந்தார். உடன்பிறந்தவர் இல்லை, சந்துக்கே அக்கா. கீழே அஞ்சடியில், அதாவது வீட்டுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், தையல் இயந்திரம். மேலே குடியிருப்பு. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம். பட்டர்வொர்த்திலிருந்தும் பத்து காவான் என்கிற ஊரின் தொழிற்சாலைகளிலிருந்தும் பெண்கள் அவரிடம் ரவிக்கை தைக்க வருவார்கள். அக்கா யாருக்கும் அளவு நாடா பிடித்ததில்லை. 'ஒனக்கு நல்லாப் பொருந்துற ஒன்னு கொண்டா' என்பார். அந்த அளவு ரவிக்கைகள் மாடியில் ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கும்.

தென்னைத் தோட்டம் பிறகு கிடங்காகி, சென்ற வருடம் கிடங்கையும் இடித்துவிட்டார்கள். ஓட்டல் வரப்போகிறதாம். அங்கே ஒரு பெரிய குழி. காலையில் ஒன்பது மணிக்குத் தூண் இறக்க ஆரம்பித்தால் டொம், டொம் என்று மாலைவரை. தேநீர்க் குவளையில் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கும். முதல் வாரம் எல்லாரும் திட்டினோம். பிறகு பழகிவிட்டது. பழகுவதைப் போல ஆபத்தானது வேறில்லை.

வாரம் ஒரு முறை படங்களைக் கணினியில் ஏற்றுவேன். ஒவ்வொரு முறையும் படம் மயிரிழை அளவு திரும்பியிருக்கும். கணினி திருத்திவிடும். பிடிப்பான் தளர்கிறது என்று நினைத்து இறுக்கினேன். பிறகு ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டினேன். மறு வாரமும் மயிரிழை. பலகைத் தரை இறங்குகிறதோ என்று அட்டையை மடித்து அடியில் சொருகினேன். மனைவி அஞ்சாறு துணியை மடித்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேமராவ ஒழுங்கா மாட்டத் தெரியல, பாவம் பலகை மேல பழி."

நானும் சிரித்தேன். பழமொழிக்கு முன்னால் நான் எப்போதும் தோற்றுவிடுவேன். தப்பு என்னுடையதுதான் என்று நம்பிவிட்டேன். மாதாமாதம், வாராவாரம், அந்தச் சுவரை நானே நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தை முழுதாக ஓடவிட்ட அன்று மனைவிதான் முதலில் சொன்னாள். "ஏங்க, மினாரா சாயுது பாருங்க."

எழுந்து சன்னலுக்குப் போனேன். மினாரா எப்போதும் போல நின்றது. ஒரு நூலில் பூட்டைக் கட்டி, கொத்தனார் தூக்குக் குண்டு பிடிப்பது போலச் சன்னலில் தொங்கவிட்டேன். பூட்டு ஆடி அடங்கியது. நூலும் மினாராவும் ஒரே நேர். நூலும் விளக்குக் கம்பமும் ஒரே நேர். அக்கா வீட்டுச் சுவர், கீழே நூலைத் தொட்டுக்கொண்டு, மேலே போகப் போக விலகி, குழியின் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே அஞ்சடியில் அக்கா தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தம் இங்கே வரை கேட்டது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தச் செவுரு எங்க மாமியாரையே தாங்குச்சு தம்பி. என்னையத் தாங்காதா?"

"வெளையாட்டு இல்லக்கா. சாயுது. ஏழு மாசமா சாயுது."

"ஏழு மாசமாத் தெரியாதது இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சா?"

பிடிப்பானையும் கயிற்றையும் பற்றிச் சொல்லாமல், சுவரின் மேல் ஓரத்தைக் காட்டினேன்.

"தீவாளிக்கு மூனு வாரம்லா. மேல நாப்பது அளவு ஜாக்கெட்டு தொங்குது. நாப்பது பொம்பளைங்க என்னையக் கொன்னுருவாங்க. செவுரு கொஞ்சம் பொறுக்கட்டும், போ."

என் மனைவி போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் அதே சிரிப்புதான் கிடைத்தது. நான் கட்டட அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டேன். வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அதுவரை என்ன செய்வது? மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து, சுவரில் வைத்த புள்ளிகளை எடுத்து மினாராவில் வைத்து, மொத்தப் படத்தையும் மறுபடி செய்தேன். இப்போது ஊர் நிமிர்ந்தது. சுவர் சாய்ந்தது. குழியிலிருந்து யாரோ அழைப்பது போல, ஏழு மாதமாக அது தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகக் கூட்டி வந்து கணினி முன்னால் உட்கார வைத்தேன். மனைவி தேநீர் கொடுத்தாள். படம் ஓடியது. மேகங்கள் பறந்தன, கார்கள் மின்னி மறைந்தன. அக்கா சுவரைப் பார்க்கவே இல்லை.

"இது யாரு, நானா? அலாமா, இப்படியா கூன் போட்டுக்கிட்டு நடக்கிறேன்?"

"செவுரப் பாருங்கக்கா."

"இருப்பா, என்னைய நானே இப்பத்தான் பாக்குறேன்."

பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த படங்களில், கதவு திறக்கிற நேரம் என்றாவது ஒரு நாள்தான் அகப்படும். அகப்பட்ட இடங்களில் அக்கா நிறுத்தச் சொன்னார். முதல் மாதத்துப் படம்: ஒரு கையில் தேநீர்க் குவளை, இன்னொரு கையால் கதவைத் தள்ளுகிறார். மூன்றாம் மாதம்: குவளை தரையில் இருக்கிறது, இரண்டு கைகளும் கதவில். ஐந்தாம் மாதம்: தோள். கடைசியாக, போன வாரத்துப் படம்: அக்கா முதுகைக் கதவில் கொடுத்து, காலைத் தெருப்பக்கம் ஊன்றி நெம்புகிறார்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். எதிரே டொம், டொம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"மழைக்குக் கதவு ஊதிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. இழைக்கக்கூட செஞ்சேன். ரெண்டு தடவ." திரையில் அந்தக் கதவை விரலால் தொட்டார். "மழைக்கு ஊதுன கதவு வெயிலுக்கு எறங்கணும்ல?"

அன்று மாலைக்குள் தையல் இயந்திரம் என் கடை முகப்புக்கு வந்துவிட்டது. படுக்கை எங்கள் நடு அறைக்கு. இரண்டு நாளில் அதிகாரிகள் வந்தார்கள். ஏதோ கருவி வைத்துப் பார்த்த பெண்மணி கருவியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் ஒரு முறை பார்த்தார். பிறகு தெருவின் இந்தப் பக்கம் நடந்து வந்து நின்றுகொண்டார். தூண் இறக்குவது அன்றே நின்றது. வாசலில் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். முட்டுக் கொடுக்கும் இரும்பு வருகிற வாரம் வரும் என்றார்கள்.

டொம் டொம் நின்ற பிறகுதான் உண்மையான பயம் வந்தது. அவ்வளவு அமைதியில் அந்த வீடு பேசியது. மரம் முறுக்கிக்கொள்கிற சத்தம், ஒரு பிடி மணலைக் கூரையில் தூவுகிற சத்தம். அக்கா வாசல்படியில் தினமும் படுத்திருக்கும் சந்துப் பூனை எங்கள் பக்கத்து அஞ்சடிக்குக் குடிவந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள் மட்டும் நாடாவுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போய் விரட்டினால் சிரித்து என்னையும் ஒரு படம் எடுத்தார்கள்.

அக்காவுக்கு ஒரே குறை, அளவு ரவிக்கைகள். அவசரத்தில் வந்ததில் அவை மாடிக் கம்பியிலேயே தங்கிவிட்டன. அதிகாரிகள் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"முட்டுக் குடுக்கட்டும், அப்பறம் எடுக்கலாம்" என்றாள் மனைவி.

"அடுத்தவ அளவு என் கையில இருக்கிறவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது" என்றார் அக்கா. அந்த வார்த்தையை நான் ரசித்தேன். ரசித்த நேரத்தில் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், நல்ல மழை. நான் உள்ளே ஒரு படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். தையல் சத்தம் நின்றது. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்தேன். அடுப்படியிலிருந்து மனைவி, "அக்காவ வரச் சொல்லுங்க, சோறு ஆறுது" என்றாள்.

முகப்பில் இயந்திரத்தின் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி. எதிரே நாடா ஒரு பக்கம் அவிழ்ந்து மழைத்தண்ணீரில் மிதந்தது. கதவு திறந்திருந்தது.

தெருவில் இறங்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மழைக்குள்ளிருந்து ஒரு பெரிய மூட்டை வெளியே வந்தது. மூட்டைக்குக் கீழே அக்கா.

"வரேன்லா! ஏன் ஊரக் கூட்டுற? கதவு இன்னிக்குச் சும்மா தொட்டதும் தொறந்துக்கிச்சு தம்பி, பூ மாதிரி..."

தெருவின் பாதியில் அதைச் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவர் விழுந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த நான் விழுவதைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு பெருமூச்சுப் போல. பிறகு காலடியில் தெரு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு அங்கே வானம் இருந்தது. மாடி அறையின் நீலச் சுவரும், அந்த வெறுங்கம்பியும், மழையில் நனைந்துகொண்டு.

அக்கா திரும்பிப் பார்த்தார். மூட்டையை இறக்கவில்லை. மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

சில நாள் கழித்துத்தான் கேமராவைத் திறக்க எனக்குத் துணிவு வந்தது. கடைசிப் படங்களை அக்காவும் பார்க்க வேண்டும் என்றார். ஒரு படத்தில் மழை, சாய்ந்த சுவர், திறந்த கதவு, உள்ளே காலை எடுத்து வைக்கிற அக்காவின் முதுகு. அடுத்த படத்தில் தூசியும் வானமும். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம். சுவர் விழுந்ததும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான், அக்கா வெளியே வந்ததும் அதற்குள்தான். எதுவுமே படத்தில் இல்லை. முன்னும் பின்னும் எத்தனை முறை ஓட்டினாலும் அக்கா உள்ளே போகிறார், வெளியே வருவதே இல்லை.

"இதுல நான் செத்துட்டேன்லா" என்றார் அக்கா, யாரைப் பற்றியோ சொல்வது போல.

நான் கணினியை மூடினேன். நடந்ததையெல்லாம் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சுவர் சாயச் சாய நானே நிமிர்த்தி வைத்தது, பிடிப்பான்மேலும் பலகைமேலும் பழி போட்டது, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை, ராஃபியாக் கயிற்றை, அதன் அடியில் நான் சொருகிய அட்டையை.

"அப்ப பலகையும் கொஞ்சம் எறங்கிருக்கா, இல்லியா?"

"தெரியலக்கா."

"இந்த சன்னல்லருந்து என் வீட்ட நீ படம் புடிச்ச. சரி." மடியில் இருந்த ரவிக்கையில் முடிச்சுப் போட்ட நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒன் வீட்ட யாரு தம்பி புடிக்கிறா?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பூட்டுக் கட்டிய நூலைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கடைக் கதவு, காலையில் கொஞ்சம் பிடித்தது போல இருந்ததே, அதைத் தொடாமல் தாண்டி, எதிர்ப்பக்கம், இடிந்த கற்களின் ஓரத்தில் போய் நின்று, இத்தனை வருடத்தில் முதல் முறையாக என் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். நூலைப் பிடித்தேன். பூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.