எத்தனை வரி எழுதணும், டீச்சர்?

பிள்ளைகளிடம் கவிதை எழுதச் சொன்ன தமிழாசிரியருக்கு முதலில் கிடைப்பது கவிதை அல்ல, "எத்தனை வரி எழுதணும், டீச்சர்?" என்ற கேள்விதான். சக ஆசிரியர்களே, இது உங்களுக்கும் தெரிந்ததே.

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கத்துப் பெருமாட்டியிலிருந்து இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே தமிழுக்கு நான் ஒருத்திதான். மற்ற ஆசிரியர்கள் சாயங்காலம் ஜீப் ஏறிக் கீழே போய்விடுவார்கள். எனக்கு ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிற பனி. பேச்சுத்துணை என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான். அவர்களும் என் கொங்குப் பேச்சில் 'ங்க' வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பார்க்காத தாமரை

முதல் தடவை வகுப்பு முழுக்கத் தாமரையைப் பற்றியே எழுதியிருந்தது. "தாமரையைப் பாத்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை. "அப்புறம் ஏன் கண்ணு எழுதுனீங்க? தினமும் பாக்கறதை எழுதுங்க" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து சேகர் மெல்ல எழுந்தான். அவன் கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "அட்டையப் பத்தி எழுதினா மார்க் உண்டா, டீச்சர்?"

மலை ஏறிய கதை

அடுத்து, உங்கள் குடும்பம் இந்த மலைக்கு எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதச் சொன்னேன். முத்துலட்சுமி வாசித்தாள். அவள் அப்பாவின் தாத்தாவும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு போடிப் பக்கமிருந்து நடந்தே மலையேறியிருக்கிறார்கள். குளிரில் குழந்தை இறந்துவிட்டது. அழுதுகொண்டு நிற்க, ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணி விடவில்லை. வழியோரம் புதைத்துவிட்டு நடந்தார்களாம்.

"ஏறும்போது மூணு பேர்
ஏறி முடிச்சப்போ ரெண்டு பேர்"

என்று முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. அவள் பக்கத்தில் இருந்த செல்வி தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "எங்க வீட்டுலயும் அப்படி ஒரு பிள்ளை இருந்துச்சாம், டீச்சர்."

ஆண்டு விழா

அந்தக் கவிதையை ஆண்டு விழாவில் வாசிக்க வைக்க ஆசைப்பட்டேன். ஹெட்மாஸ்டர் மலையாளி, நல்ல மனுஷர். எஸ்டேட் மானேஜர்தான் விழாவுக்குத் தலைமை. நான் கவிதையின் பொருளைச் சொன்னதும் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "நல்ல கவிதையாணு டீச்சரே, பக்ஷே மானேஜர் முன்னால வேண்டா, தேயிலைப் பூவைப் பத்தி ஒண்ணும் இல்லே?"

வந்த அம்மா

விஷயம் தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கும் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் முத்துலட்சுமியின் அம்மா, கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து அப்படியே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றார். இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்திருந்தது. வேலைக்கு வம்பு வருமென்று பயந்து, கவிதையைக் கிழிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "விழாவுல படிக்கலைங்க, பயப்படாதீங்க" என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அதுக்கு வரல டீச்சரம்மா. அந்தப் பிள்ளைக்குப் பேச்சியம்மான்னு பேரு வச்சிருந்தாங்க, பாட்டுல அது இல்ல, சேத்துருங்க."

என் முறை

விழாவில் தேயிலைப் பூதான் பாடப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், பேச்சியம்மாவின் பெயரோடு முத்துலட்சுமி மறுபடி வாசித்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று கேட்டார்கள். நான் எழச் சொல்லவில்லை.

வாசித்து முடித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் எழுதியாயிற்று, நீங்களும் எழுதுங்கள் என்றார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, என் அறையையும் சன்னலையும் அடுப்பையும் பனியையும் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். கைதட்டினார்கள். சேகர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தான். "என்ன, நல்லால்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா பாட்டுல ஆளே இல்லையே."

ஊரார் பிள்ளைகளின் எழுத்தில் குறை கண்டே காலம் தள்ளுகிற நமக்கு, நம் குறையை இவ்வளவு மரியாதையாக எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது இந்த உத்தியோகத்தில் மட்டும்தான்.