பதினோரு கிலோமீட்டரும் எட்டு பல்பும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்க இரண்டு பக்கம் படிக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமம் எதற்கு? மந்தைவெளியில் இருக்கும் என் வீட்டிலிருந்து ராயபுரம் பதினோரு கிலோமீட்டர். அந்தப் பதினோரு கிலோமீட்டருக்கு நான் கட்டிய மூட்டையில் டார்ச் லைட், கொசுவத்தி, நான்கு பாட்டில் தண்ணீர், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஒரு கம்பளி எல்லாம் இருந்தன. மாசி மாதத்துச் சென்னையில் கம்பளி. மனைவி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடிதம் போடுங்க" என்றாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் உலகப் பொருளாதார மந்தம். 2009ஆம் வருடம் அது. எங்கோ அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்தது, இங்கே நான் எழுதும் மாதப் பத்திரிகையில் பயணச் செலவைக் குறைத்தார்கள். "இனிமேல் டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றார் ஆசிரியர். ராயபுரத்தில் ஒரு லாட்ஜில் அரசாங்க உதவியோடு கேரம் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த லாட்ஜிலேயே ஓர் அறை சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை காலை 7.40. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஐந்து ரூபாய். மடியில் பை, பைமேல் தாடை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எந்த ஊரு சார்?"

"மந்தைவெளி."

"அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பை? வூட்ல சண்டையா?"

இல்லை, சுற்றுலா என்றேன். அவர் அதை இரண்டு தெரு தள்ளி ஏறிய மீன்கூடைக்கார அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா இறங்கும்வரை என்னைக் கவலையோடு பார்த்தார்.

8.20. லாட்ஜ் காசிமேட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மூன்று மாடி, பதினான்கு அறைகள், அறை வாடகை நூற்றைம்பது. உரிமையாளர் ஜபார் பாய், ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. தூத்துக்குடி, விசாகப்பட்டினம் என்று துறைமுக வேலையாக வரும் ஏஜென்டுகளும் கன்டெய்னர் லாரிக்காரர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். கப்பல் குறைந்ததும் லாரி குறைந்தது, லாரி குறைந்ததும் அறைகள் காலியாயின.

"நாலு மாசமா மூணு ரூமு தாண்டல சார். சமையல்கட்டுல, மேல்வேலைக்கின்னு ஆறு பேரு கீறாங்க. இன்னா பண்றது? பூட்டிடலாம்னு சாவிய எடுத்துட்டேன். அப்பதான் இந்த ஸ்கீமு வந்துச்சு" என்றார்.

மந்த காலத்தில் சுற்றுலாவையும் விளையாட்டையும் ஒரே கயிற்றில் கட்டித் தூக்கிவிட அரசாங்கம் போட்ட திட்டம் அது. வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டி வைத்தால், அவர்கள் தங்கும் வாடகையில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். நான்கு மாவட்டங்களிலிருந்து முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆனால் இது வெள்ளோட்டம். மாலை மூன்று மணிக்கு அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் இந்த வருடம் இன்னும் மூன்று போட்டிகள் இங்கேயே. இல்லையென்றால் மூன்றும் தெற்கே ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய்விடும். பாயின் சாவிக்கொத்து இன்னும் மேசைமேல்தான் இருந்தது.

9.30. மூன்றாவது மாடி ஹாலில் எட்டு கேரம் போர்டுகள். போட்டியை நடத்துகிறவர் தேவி, வியாசர்பாடிக்காரர், முப்பது வயது இருக்கும். பகலில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல், மாலையில் கேரம் கிளப். நான் போனபோது அவர் பாயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"போர்டுக்கு மேல தொங்கின பல்பெல்லாம் எங்க பாய்?"

"கழட்டிட்டேன்மா. தகரக் கூடையும் ஒயரும் பாக்க கலீஜா இருந்துச்சு. ஆபீசர் வராரே. புது டியூப்லைட் போட்டுக்கீறேன், பாரு, கல்யாண மண்டபம் கணக்கா கீது."

"கல்யாணமா பண்ணப்போறோம்? பல்பு சூட்டுலதான் போர்டு காஞ்சிகினு இருக்கும். சரி, ஜன்னலயாச்சும் யாரும் தொறக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் ஸ்ட்ரைக்கரைத் துணியால் துடைத்துக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கும் அழகைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பயண எழுத்தாளன் எல்லாவற்றையும் கவனிப்பான், தேவையானதைத் தவிர.

காலை ஆட்டம் பிரமாதம். சேலத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்த முதல் கையிலேயே ஒன்பது காய்களையும் சிவப்பையும் போட்டு முடித்தார். எதிரே இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

1.10. எல்லோரும் கீழே சாப்பிடப் போனார்கள். மீன் குழம்போடு சாப்பாடு இருபத்தைந்து ரூபாய். நான் முதல் பந்தியிலேயே முடித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஹாலில் ஆறு ஜன்னல்கள், எல்லாம் மூடி, மேலே செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஓர் ஓரத்தைக் கிழித்தேன். அப்பால் மீன்பிடித் துறைமுகம், விசைப்படகுகளின் கொடிகள், அதற்கும் அப்பால் நீலமாக வங்காள விரிகுடா. சுற்றுலா அதிகாரி வரப்போகிறார், இவர்கள் கடலைக் காகிதம் ஒட்டி மறைத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஆறையும் திறந்தேன். காற்று அப்போதுதான் கடல் பக்கமிருந்து வீசத் தொடங்கியிருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாட்டுக்குச் சேவை செய்த திருப்தியில் ஒரு நாற்காலியில் தூங்கிப்போனேன்.

2.15. விழித்தபோது முப்பத்திரண்டு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். தேவி ஒரு காயைச் சுண்டிவிட்டார். அது பாதி தூரம் போய், எருமை சேற்றில் நிற்பதுபோல் நின்றது. பவுடர் பறந்துபோய் மிச்சம் கடற்காற்றின் ஈரத்தில் பலகையில் பசையாக ஒட்டியிருந்தது. எட்டு போர்டிலும் அதே கதை.

"யாரு தொறந்தது?"

நான் கையைத் தூக்கினேன். தப்பிக்க வழியில்லை, விரலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

பாய் நெற்றியைத் துடைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்போதுதான் லாட்ஜில் வேலை செய்யும் அந்த ஆறு பேரும் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

"பேஜார் பண்ணிட்டியே சார்" என்றார் தேவி. பிறகு பாயிடம், "பழைய பல்பு?"

"காயலாங்கடைக்குப் போட்டுட்டேன்மா."

தேவி செல்போனை எடுத்தார். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று ஒவ்வொரு தெரு கேரம் கிளப்புக்கும் ஒரே பேச்சுதான்: "மாமு, உன் பல்பக் கழட்டிகினு வா. ஆமா, இப்பவே." சனிக்கிழமை மதியம் எந்தக் கிளப்பிலும் ஆட்டம் சூடாக நடக்கும் நேரம். தங்கள் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, விளக்கைக் கழற்றிக் கொடுக்க யார் வருவார்கள் என்று நினைத்தேன். நான் மந்தைவெளிக்காரன். எங்கள் தெருவில் ஏணி கேட்டாலே வீட்டில் ஆளில்லை என்பார்கள்.

இருபது நிமிடத்தில் படியில் காலடிச் சத்தம். கழுத்தில் ஒயர் மாலை, கையில் தகரக் கூடை, அதற்குள் இருநூறு வாட் பல்பு. ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்க பல்புமா, பாத்து" என்று ஒப்படைத்துவிட்டு, ஆட்டம் பார்க்கச் சுவரோரம் நின்றுகொண்டார்கள். ஏழு பல்புகளுக்குக் கொக்கி கிடைத்தது. எட்டாவதற்குக் கிடைக்கவில்லை.

தேவி என்னைப் பார்த்தார். நான் ஸ்டூல்மேல் ஏறினேன்.

3.05. அதிகாரி வந்தார். ஜன்னல்கள் மூடியிருந்தன, போர்டுகள் காய்ந்திருந்தன, காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவர் ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, எட்டாவதில் அண்ணாந்தார்.

"இவர் யாரு?"

"டூரிஸ்ட் சார்" என்றார் தேவி.

"டூரிஸ்டை ஏன் பல்பு பிடிக்க வச்சிருக்கீங்க?"

"அவரே ஆசப்பட்டாரு சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்க, நல்ல அனுபவம் என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, சுவரோரம் நின்றவர்களிடம் போனார். யார், எந்தக் கிளப், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினார். என் தோள் கழன்றது.

4.30. அதிகாரி கீழே இறங்கும்போது பாயிடம் சொன்னார்: "மூணு போட்டியும் இங்கேயே வச்சுக்கலாம், எழுதித் தர்றேன். அந்த எட்டாவது பல்பு மட்டும் தொங்கட்டும்." பாய் தலையாட்டினார். அதிகாரி போனதும் மேசை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை உள்ளே போட்டு மூடினார்.

மந்தம் தீர்ந்துவிட்டதா? இல்லை. துறைமுகத்தில் லாரிகளின் வரிசை இன்னும் குட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் சேலத்துக்காரர்கள் காலையில் காசிமேட்டு ஏலம் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்களாம். அரசாங்கம் பாதி வாடகைதான் கொடுத்தது. மீதியை இந்த ஊர் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியேறி வந்தது.

ஞாயிறு மதியம் 12.50. இறுதி ஆட்டம் முடிந்து, பையோடு சாப்பாட்டுக்கூட வாசலில் நின்றேன். உள்ளே இடமில்லை. கிளம்பும்போது ஏதாவது நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். பெரிய அண்டாவை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு தேவி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேவி, இந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன்.

"நவுரு சார், சோறு போவுது."